கை மூடிய இடம்

போன வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை என் பைக் ஏன் நினைத்த வேகத்தைத் தொடவில்லை என்று யார் கேட்டாலும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கித்தான் வைத்திருந்தேன். வண்டிக்குத்தான் மூச்சு பத்தவில்லை." பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் துளியும் கிடையாது. அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் செய் என்றிருந்தால் யோசிக்காமல் செய்திருப்பேன். அது அப்படி இல்லை என்று ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரியவந்தது. அன்றிலிருந்து ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. என் கை செய்கிற காரியம் எனக்கே தெரியவில்லை என்றால், இத்தனை வருடம் இந்த வண்டியை ஓட்டியது யார்?

எல்லாம் நடந்தது எல்விங்டனில். இங்கிலாந்தின் யார்க் நகருக்குத் தென்கிழக்கே, வயல்களுக்கு நடுவில் கிடக்கும் பழைய விமானத் தளம் அது. இரண்டாம் உலகப் போரில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பின. 1944 முதல் பிரெஞ்சுக்காரர்களின் இரண்டு படைப்பிரிவுகள் இங்கிருந்து பறந்தன. போர் முடிந்து 1950களில் அமெரிக்க விமானப்படை ஓடுபாதையை 3,094 மீட்டருக்கு நீட்டிப் போட்டுவிட்டு, அதை ஒழுங்காகப் பயன்படுத்தாமலே போய்விட்டது. அந்த நீளம்தான் இப்போது எங்களுக்கு உதவுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர் முடிகிற இடத்தில் வண்டி என்ன வேகத்தில் போகிறது? அதுதான் கணக்கு. எவ்வளவு நேரம் எடுத்தது என்பது கணக்கில் வராது. பக்கத்தில் போட்டிக்கு ஆள் கிடையாது. கோட்டுக்குப் பிறகு மிச்சமிருக்கும் 1,485 மீட்டரும் நிற்பதற்கு.

அப்பா சின்ன வயதில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பைக் பந்தயம் பார்க்கப் போனவர். அதுவும் போர்க்காலத்து விமான ஓடுதளம்தான். இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. பெரம்பூரிலிருந்து சைக்கிளில் போய், வெயிலில் நின்று, புழுதியும் எண்ணெய் வாசனையுமாகத் திரும்பி வந்து தாத்தாவிடம் அடி வாங்கிய கதையை அவர் சொல்லாத வருடமே இல்லை. எல்விங்டன் ஓடுபாதையில் முதல் தடவை கால் வைத்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. குண்டு ஏற்றிக்கொண்டு போன தார்ச்சாலையில் பிற்பாடு யாரோ ஒருவர் வேகம் மட்டும் வேண்டும் என்று வந்து நிற்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு கிராம் எடை

வண்டி 2000ஆம் வருடத்து சுசுகி ஹயபுசா பைக், 1,298 சிசி. அந்த முதல் இரண்டு வருட வண்டிகளைத் தேடி வாங்குவதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு மணிக்கு 299 கிலோமீட்டரில் பூட்டுப் போட்டுவிட்டன. வண்டியைத் தயார் செய்தது லீட்ஸில் சின்னதாகக் கராச் வைத்திருக்கும் ஒரு அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருப்பவர். வேக ஓட்டம் அவருக்குப் புதிதல்ல. தன் நண்பர்களின் வண்டிகளை எல்விங்டனுக்கு ஏற்றிப் போய் வந்தவர். நான் "எக்ஸாஸ்ட் மாற்றலாமா, ஈசியூவை, அந்த இன்ஜின் கணினியை, மேப் பண்ணலாமா" என்று ஆரம்பித்தபோது அவர் டயரைக் காட்டி, "முதல்ல இதுக்கு எத்தினை வயது எண்டு பாரும்" என்றார்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017ஆம் வருடத்தின் 35ஆவது வாரத்தில் செய்தது. என்னுடையது அந்த வயதுதான். பார்க்கப் பட்டன்கள் எல்லாம் புதுசு மாதிரி. அண்ணா அதைக் கழற்றி மூலையில் எறிந்தார். புதுசு வாங்கும்போது அடைப்புக்குறிக்குள் டபிள்யூ எழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வெறும் டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வரை. அடைப்புக்குறி போட்டிருந்தால்தான் அதற்கு மேல். 2006இல் இதே எல்விங்டனில் ரிச்சர்ட் ஹாமண்ட் ஓட்டிய ஜெட் கார் மணிக்கு 288 மைலில் கவிழ்ந்ததற்கும் முன்பக்க வலது டயர்தான் காரணம். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் இந்த நாட்டில் குறைவு. டயர் விஷயத்தில் அண்ணா யாரிடமும் விவாதிக்க மாட்டார்.

அப்புறம் வால்வு மூடி. இதை நான் வாழ்நாளில் யோசித்ததே இல்லை. காற்றடிக்கும் வால்வுக்குள் ஒரு சின்ன பின் இருக்கிறது அல்லவா, பஞ்சர் கடைக்காரர் நகத்தால் அழுத்திக் காற்றை இறக்குவாரே, அந்தப் பின். வால்வு சக்கரத்தின் மையத்தைப் பார்த்து நிற்பதால், பின்னை டயர் பக்கமாகத் தள்ளினால் காற்று வெளியேறும். சக்கரம் சுற்றும்போது எல்லாமே வெளிப்பக்கமாகத்தான் இழுபடும். அண்ணா ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 185 மைலில் அந்த இடத்தில் இழுவை பூமியின் இழுவையைப் போல ஏறக்குறைய 1,500 மடங்கு. ஒரு கிராம் எடையுள்ள பின், ஒன்றரைக் கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுபடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எம்மாத்திரம்? அது திறந்துகொண்டால் காற்றைத் தடுக்க மிச்சம் இருப்பது மேலே திருகியிருக்கும் மூடி மட்டும்தான். அதனால் பிளாஸ்டிக் மூடி கூடாது. உள்ளே ரப்பர் வாஷர் வைத்த உலோக மூடி வேண்டும். ஒன்றின் விலை ஒரு காப்பி விலைகூட இல்லை. அந்த மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஊரில் இருபது வருடம் வண்டி ஓட்டி, அதில் பாதி நாள் மூடியே இல்லாமல் போயிருக்கிறேன்.

மற்றதெல்லாம் பொறுமையைச் சோதிக்கும் வேலைகள். எண்ணெய் வடிகட்டும் போல்ட், ஃபில்டர், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாவற்றின் தலையிலும் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, மெல்லிய ஸ்டீல் கம்பியை நுழைத்து முறுக்கிக் கட்டவேண்டும். போல்ட் தளர நினைத்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாகவே இழுக்கிற மாதிரி கட்டவேண்டும். முதல் நாள் நான்கு ட்ரில் முனை உடைந்தது. ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கக்கூடாது, வெறும் தண்ணீர்தான். கூலன்ட் தரையில் சிந்தினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான். கண்ணாடிகள், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் கழன்றன. ஹெட்லைட் கண்ணாடிமேல் டேப். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு கயிறு, நான் வண்டியை விட்டு விழுந்தால் இன்ஜினை அணைக்க. அந்தக் கயிற்றை மாட்டிப் பார்த்த இரவு என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்த முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதினெட்டுப் பல்

ஏப்ரல் ஓட்டத்தில் நான் செய்த தப்பு, இந்த விளையாட்டுக்கு வரும் பாதிப் பேர் செய்யும் தப்பு. வேகம் வேண்டுமா, செயினை ஓட்டும் முன்பக்கப் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் கூட்டு என்பது. 17 பல்லுக்குப் பதிலாக 18 போட்டேன். காகிதத்தில் பார்த்தால் இன்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் மணிக்கு 303 கிலோமீட்டர் போன வண்டி இனிமேல் 320 போகவேண்டும். ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்கு ஏற வண்டிக்குத் திராணி இருக்கவேண்டுமே. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படிக்கு ஏறும், வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. 180 மைலில் 160 குதிரைத் திறன் போதுமென்றால், 200 மைலுக்கு ஏறத்தாழ 220 வேண்டும். வெறும் இருபது மைலுக்கு அறுபது குதிரை! ஹயபுசாவின் முழுத் திறனும் வருவது 9,800 சுற்று வாக்கில். 18 பல் போட்டபோது கோட்டைத் தாண்டுகையில் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் 8,700 பக்கம்தான் நின்றது. திறன் பிறக்கும் இடத்துக்கே இன்ஜின் போய்ச் சேரவில்லை. ஓட்டம் முடிந்ததும் வேகத்தை அச்சடித்துத் தரும் சீட்டில் 174.1 மைல் என்று வந்தது. அண்ணா முன்பே சொல்லியிருந்தார். போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஜூனில் மறுபடி 17 பல். கோட்டில் 9,650 சுற்று, 182 மைல் வரவேண்டும் என்பது கணக்கு. வந்தது 177.4. இரண்டாவது தடவை 177.0. மூன்றாவது தடவை எதிர்க்காற்று கொஞ்சம் விழுந்திருந்தது, அப்போதும் 177.6. மூன்று சீட்டிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தபோது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பெட்ரோலைக் குறை சொன்னேன், செயினைக் குறை சொன்னேன். கடைசியில் அண்ணாவின் முகத்துக்கு நேராகவே, "கிளட்ச் நழுவுகிறது, நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். தன் ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குச் சும்மா கொடுத்தவர். "சரி, வீட்டை போய்ப் பாப்பம்" என்றார்.

மடிக்கணினியில் விழுந்த கோடு

அன்று காலையில் அண்ணா வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு லாகர் வைத்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை. நொடிக்குப் பத்து முறை ஜி.பி.எஸ் வேகத்தைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி. அதோடு ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சென்சார் சொல்லும் ஒயரிலிருந்தும் ஒரு கிளை எடுத்துக் கொடுத்திருந்தார். கராச்சுக்குத் திரும்பி, தேத்தண்ணி போட்டு, மடிக்கணினியை வேலை மேசைமேல் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

இரண்டு கோடு. சிவப்பு வேகம். நீலம் ஆக்ஸிலேட்டர். நீலம் முதல் கியரில் தயங்கித் தயங்கி ஏறி, கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு பல் மாதிரி விழுந்து எழுந்து, ஆறாவது கியரில் உச்சியில் போய் மேசை மாதிரித் தட்டையாகிறது. சிவப்பு மெல்ல மெல்ல ஏறுகிறது. 179, 180, 181. "பாத்தீரே, 181.3 போயிருக்கு" என்றார் அண்ணா. எனக்குப் புரியவில்லை. சீட்டில் 177.4 தானே? அவர் விரலை இன்னும் வலது பக்கம் நகர்த்தினார். முடிவுக் கோட்டுக்கு 90 மீட்டர் இருக்கும்போது நீலக் கோடு வளைந்து கீழே இறங்கத் தொடங்குகிறது. கோட்டைத் தாண்டும்போது பாதிக்கு வந்துவிட்டது. சிவப்பும் அதோடு சேர்ந்து சரிகிறது.

அடுத்த ஓட்டத்தைத் திறந்தார். 85 மீட்டர். மூன்றாவது, 95.

"லாகர் தப்பாக இருக்கும் அண்ணா" என்றேன். அவர் மறுக்கவில்லை. கராச்சில் ஸ்டாண்டில் நின்ற வண்டியில் என்னை உட்கார வைத்து, ஆக்ஸிலேட்டரைத் திறந்து மூடச் சொன்னார். திரையில் நீலக் கோடு என் கையோடு ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது.

அந்த வேகத்தில் 90 மீட்டர் என்பது ஒரு நொடிக்குச் சற்று அதிகம். 180 மைலில் காற்று மட்டுமே ஒரு நல்ல பிரேக். ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டால் அரை நொடியில் 4, 5 மைல் கழன்றுவிடும். நான் முழுசாக விடவில்லை, தளர்த்தியிருக்கிறேன். காணாமல் போன ஐந்து மைலும் அங்கேதான் கிடந்தது. கணக்கு இவ்வளவு எளிது. என்னை உலுக்கியது கணக்கு இல்லை. அந்த ஒரு நொடியைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை என்பதும், ஞாபகம் இருக்கிற அந்தக் கடைசித் துண்டில் கை முழுசாக முறுக்கியபடி இருக்கிறது என்பதும்தான். ரப்பர் பிடி உள்ளங்கையில் அழுந்தியதுகூட நினைவிருக்கிறது. அந்த நினைவு எங்கிருந்து வந்தது? கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் இருந்த உணர்வை மனசு அப்படியே நீட்டி, கோடுவரைக்கும் ஒட்டி வைத்திருக்கவேண்டும். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அண்ணா கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா கண் எங்க பாத்துக்கொண்டிருந்தது?" கூம்புகளை. கோட்டின் இருபக்கமும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைத்திருப்பார்கள். குனிந்து படுத்த நிலையில், ஹெல்மெட் விளிம்புக்கும் விண்ட்ஸ்கிரீன் விளிம்புக்கும் நடுவில் தெரியும் ஒரு விரற்கடை உலகத்தில், அவை இரண்டு புள்ளியாகத் தோன்றிச் சட்டென்று பெரிதாகும். அவை பெரிதாகிற கணத்தில் கண்ணுக்கு வேலை முடிந்துவிட்டது. கண் முடித்ததும் கையும் முடித்துவிட்டது.

"கோடு எண்டு ஒண்டு இருக்கிறதையே மறந்து போம் தம்பி. கடைசி அந்தத்தைப் பாரும்" என்றார். ஓடுபாதை முடியும் இடத்தைச் சொன்னார்.

ஆளைத் தயார் செய்வது

ஜூன் முதல் செப்டம்பர் வரை வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. வேலையெல்லாம் என் உடம்பில்தான். வாரத்தில் நான்கு நாள் வேலை முடிந்து வந்து, வீட்டுக் கராஜில் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிமேல் லெதர் சூட், ஹெல்மெட் சகிதம் இருபது நிமிடம் படுத்திருப்பேன். மோவாய் டேங்க்மேல். முழங்கை முழங்காலோடு ஒட்டி. பின்பக்கம் இருக்கையின் முட்டில் இடிக்க. எதிர்ச் சுவரில், கண் உயரத்துக்கு மேலே, ஒரு சிவப்பு ஸ்டிக்கர். முதல் வாரம் ஐந்து நிமிடத்தில் கழுத்து நடுங்கியது. தலையைத் தூக்கிப் பார்க்கும் தசைகளை நாம் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் வேலை வாங்குவதே இல்லை. புருவத்துக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணோரம் வலித்தது. ஹெல்மெட்டை ஒரு அளவு மாற்றி, டேங்கில் மோவாய்க்கு ஒரு துண்டு ஃபோம் ஒட்டினேன். தலை ஒரு அங்குலம் மேலே வந்தாலே காற்று ஹெல்மெட்டைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். அதைச் சமாளிக்கக் கை ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும். தொங்கும் கை ஆக்ஸிலேட்டரை ஒழுங்காகப் பிடிக்காது. எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிறது.

மூச்சைக் கவனித்தபோது இன்னொன்று தெரிந்தது. நான்காவது கியருக்குப் பிறகு நான் மூச்சே விடுவதில்லை. வீடியோவில் எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு மூச்சு வெளியே என்று பழகினேன். ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே ஒரு மைல் முழுவதையும் மனதில் ஓட்டுவேன். கிளட்ச்சை அவசரமில்லாமல் விடுவது முதல். புதிதாக வருகிறவர்கள் கிளம்புவதில்தான் உயிரைக் கொடுப்பார்கள். கிளம்பும்போது அரை நொடி போனால் கடைசி வேகத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. ஆனால் ஐந்திலிருந்து ஆறுக்குத் தடுமாறினால் அது சீட்டில் தெரியும். கூம்புகள் மனதில் வந்து போன பிறகு வாய்விட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, அப்புறம்தான் கையைத் தளர்த்துவேன். தளர்த்தினாலும் எழுந்து உட்காரக்கூடாது. அந்த வேகத்தில் நெஞ்சை நிமிர்த்தினால் காற்று அறைந்து பின்னால் தள்ளும், முன்சக்கரம் இலேசாகிவிடும். படுத்தபடியே வேகம் இறங்கட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலை, அப்புறம் தோள், கடைசியாகப் பிரேக்.

இந்த மூன்று மாதத்தில் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருந்தது. அந்தக் கையை நான் குற்றவாளியாகத்தான் நினைத்தேன். கோழைத்தனம் என்று ஒருநாள் அண்ணாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "உந்தக் கைதானே உம்மை இண்டைவரைக்கும் உயிரோட வச்சிருக்கு" என்றார். யோசித்தால் உண்மை. கோயம்பேட்டில் பஸ் சட்டென்று ஒடித்தபோது, லீட்ஸில் மழையில் வட்டச் சந்தியில் கார்க்காரர் பார்க்காமல் வந்தபோது, நான் முடிவெடுத்து ஆக்ஸிலேட்டரை மூடவில்லை. கை மூடியது. அதற்கப்புறம்தான் எனக்குப் பயமே வந்தது. இருபது வருடம் என்னிடம் கேட்காமல் வேலை செய்த கையை ஒரு மைலுக்காக ஊமையாக்கலாமா?

இந்த வேக ஓட்ட உலகத்தில் இருப்பவர்கள் பில் வார்னரை மறக்க முடியாது. 2011இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், லோரிங் என்ற பழைய விமானத் தளத்தில், ஹயபுசாவில் ஒன்றரை மைலில் மணிக்கு 311.945 மைல் தொட்டவர். 2013 ஜூலையில் அதே ஓடுபாதையில், ஒரே மைலில் 300 தொடும் முயற்சியில் இறந்தார். 44 வயது. வண்டி தடம் விலகிப் போனது. எல்விங்டனிலேயே செஃப் ஐசன்பெர்க் 2016இல் டர்பைன் பைக்கில் 230 மைல் வேகத்தில் விழுந்து, எலும்புகள் நொறுங்கி, எழுந்து மறுபடி வேகத்துக்கே திரும்பினார். 2020இல் அங்கேயே காரில் போய் உயிர்விட்டார். இவர்களுடைய கைகள் என்ன சொல்லின, அவர்கள் அதைக் கேட்டார்களா என்று பேச எனக்குத் தகுதி இல்லை. வார்னர் போன வேகத்தில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "கையை அடக்கப் பழகு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. ஒரு நொடி தள்ளி மூடு, அவ்வளவுதான் கேட்கிறேன் என்று கையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர்

காலையில் பனி விலக ஒன்பதரை ஆனது. வண்டி சோதனையில் ஒருவர் குனிந்து கம்பிக் கட்டுகளை விரலால் தட்டிப் பார்த்தார். வால்வு மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து தலையாட்டினார். எனக்கு அது பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது.

முதல் ஓட்டம் 179.2. கை இன்னும் நம்பவில்லை. லாகரில் பார்த்தால் 40 மீட்டர் முன்னால் தளர்ந்திருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் ஆறாவது கியர் விழுந்ததும் மூச்சை விட்டேன். கண்ணை ஓடுபாதையின் கடைசியில், தாரும் வானமும் சேரும் மங்கலான கோட்டில் வைத்தேன். கூம்புகள் வந்தன. பார்க்காமலே தெரிந்தன, ரயில் ஜன்னலோரம் கம்பங்கள் போகிற மாதிரி. ஒன்று. இரண்டு. கையைத் தளர்த்தினேன். அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் ஏறக்குறைய 160 மீட்டர் போயிருப்பேன். அது என் வாழ்க்கையின் மிக நீளமான இரண்டு நொடி. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் கையுறையைக் கழற்ற முடியாமல் பல்லால் இழுத்தேன். 182.3.

அண்ணாவிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு ஜூனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது அண்டைக்கே போச்சு" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்தார்.

மூன்றாவது ஓட்டத்துக்கு நிற்கும்போது பக்கவாட்டில் காற்று கிளம்பியிருந்தது. மார்ஷல் கொடியைப் பார்த்தார், அனுமதித்தார். நல்ல தொடக்கம். ஐந்தாவது கியரில், இடது பக்கத்திலிருந்து யாரோ தோளால் இடித்த மாதிரி ஒரு வீச்சு. வண்டி வலது பக்கம் நகர்ந்தது. முக்கால் மைல் பலகையைத் தாண்டினேன். இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆக்ஸிலேட்டரை மூடினேன். படுத்தபடியே விட்டு, நிமிர்ந்து, மெதுவாக ஓடிக் கோட்டைத் தாண்டினேன். சீட்டு 131 என்றது. எனக்கு வருத்தம் இல்லை. யோசித்து எடுத்த முடிவு என்று அண்ணாவிடம் சொன்னேன். பலகையைத் தாண்டிய பிறகு நிதானமாக முடிவெடுத்து மூடினேன் என்று இடத்தையும் சொன்னேன்.

வேனில் வண்டியைக் கட்டி ஏற்றிய பிறகு அவர் மடிக்கணினியைத் திறந்தார். வெளிச்சம் மங்கிவிட்டது. வேனின் பின்கதவில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தோம். நீலக் கோடு உச்சியில் போய்க்கொண்டிருந்தது, பிறகு செங்குத்தாகக் கீழே விழுந்தது. அண்ணா திரையின் அடியிலிருந்த அளவுகோலில் தூரத்தைப் பார்த்தார். பலகைக்கு 60 மீட்டர் முன்னாலேயே விழுந்திருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, 131 என்று அச்சடித்த சீட்டின் ஓரத்தில் "60 மீ. முன்" என்று எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, வேனைக் கிளப்பப் போனார்.